தண்ணீர் படாத பக்கத்தில் கையெழுத்திட்ட கமலாதேவி அம்மையாருக்கு

கிராம சபை என்று எங்கள் கந்தோருக்குப் பெயர் இருந்த காலத்தில் இருபத்தொன்பது வயதில் எழுதுவினைஞராய் வந்து, பெயர் மாறிப் புன்னையடித்துறைப் பிரதேச சபை ஆன பின்னும் மாறாத மனத்தோடு பணிசெய்து, கோவைகளைக் காத்து, கொப்பிகளைக் காத்து, குடிக்கும் நீரின் குணத்தைக் காக்கவும் முயன்று, முப்பத்தொரு ஆண்டுகளின் முடிவில் இன்று ஓய்வுபெறும் செல்வி கமலாதேவி சிவகுருநாதன் அவர்களே! பேச்சிலே சிக்கனமும் பணியிலே பெருக்கமும் கொண்ட பெருந்தகையே! வணக்கம்.

இந்த மடலில் உள்ளதெல்லாம் சரியான ஞாபகந்தானா என்று உறுதிகூற எங்களால் முடியவில்லை. எழுத உட்கார்ந்தபோது ஆளுக்கொரு திகதி சொன்னோம். பாடசாலை முகாமுக்கு ஆட்கள் வந்தது ஆடியிலா ஆவணியிலா என்பதிலேயே இரண்டு கட்சியானோம். சரிபார்க்க ஒரு பதிவேடு இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவேடு பொய் சொல்கிறது; அதைப் பொய் சொல்ல வைத்தவர்களும் நாங்களே. ஆகவே சபையோரே, திகதிகளில் எங்களை நம்பாதிருக்கலாம். நடந்தவற்றில் நம்புங்கள்.

இப்படியொரு மடல் வாசிக்க அனுமதி கேட்டுப் போனபோது, அம்மையார் உப அலுவலகத்தில் சைக்கிள் அனுமதிப்பத்திரங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்:

“மடல் எண்டால் நடந்ததை எழுதுங்கோ. ஏலாதெண்டால் வெறும் கண்ணாடிச் சட்டத்தைத் தாங்கோ. அப்பாவின்ர படம் ஒண்டு வீட்டில சட்டமில்லாமல் கிடக்குது.”

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழும்பிப் போய்விடுவேன் என்றும் சொன்னார். அதனால்தான் அவரை முன்கதிரையில் இருத்திவைத்துக்கொண்டு, அவர் இங்கே இல்லாததுபோல, அவர் கதையைச் சபைக்குச் சொல்கிறோம். நீரேற்று நிலையத்தை இயக்கும் தவராசாவிடமும் கேட்டோம். தன் பெயரை மறைக்க வேண்டாம் என்றார்.

சமாதான உடன்படிக்கை இருந்த காலம் அது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். வெளிநாட்டு உதவித் திட்டம் ஒன்று, உள்ளூராட்சிச் சபைகளில் சுற்றாடல் முகாமைத்துவ முறைமை என்ற ஒன்றைத் தொடங்க வந்தது. எளிதாகச் சொன்னால், சபை செய்யும் ஒவ்வொரு வேலையும், நீர் கொடுப்பதும் குப்பை அள்ளுவதும் மலக்கழிவு அள்ளும் பவுசர் வண்டி ஓட்டுவதும் மாடு அறுப்பதும், நிலத்துக்கும் கிணற்றுக்கும் கடலுக்கும் என்ன செய்கிறது என்று கண்டு எழுத வேண்டும். கெடுதலைக் குறைக்க வழி வகுத்து, அந்த வழியில் நடக்கிறோமா என்று நாளும் குறிக்க வேண்டும். குறித்தது மெய்யா என்று இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பிறகு கொழும்பிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வந்து பார்த்துச் சான்றிதழ் தருவார்கள்.

பட்டணத்து விடுதி ஒன்றில் இரண்டு நாள் பயிற்சி. தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு அந்த நாட்களில் மகளின் சாமத்தியச் சடங்கு. மற்றவர்களுக்கு வெளிவேலை. வெளிவேலை இல்லாதவர் என்ற ஒரே தகுதியில் கமலாதேவி அம்மையார் அனுப்பப்பட்டார். போனவர் பச்சைக் கோவை ஒன்றோடு திரும்பினார். அடுத்த திங்கட்கிழமை காலை, இருபத்தாறு ஆண்டுகள் கதிரையை விட்டு அதிகம் எழும்பாத அந்த மனிதர் குடையை விரித்துக்கொண்டு வெளியே இறங்கியபோது, எங்களில் சிலர் யன்னலில் நின்று சிரித்தோம்.

முதலில் போனது வேலைத்தளத்துக்கு. உழவு இயந்திரங்களில் மாற்றிய பழைய எண்ணெயைக் காலகாலமாக வாய்க்காலில்தான் ஊற்றுவோம். அது இறங்குதுறையில் வானவில் நிறத்தில் மிதக்கும். அம்மையார் ஒரு வெறும் பீப்பாயைக் கேட்டு வாங்கி வேலைத்தளத்தின் மூலையில் நிறுத்திவிட்டுப் போனார். அடுத்த கிழமை வந்து அதற்குள் எட்டிப் பார்த்தார். அதற்கடுத்த கிழமையும் பார்த்தார். மூன்றாவது கிழமை பீப்பாயில் எண்ணெய் இருந்தது.

பிறகு மாடறுக்கும் கொட்டில். அதன் பொறுப்பாளர் ஆதம்பாவா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “என்ன மிஸ், மாட்டுக்கும் பேர் பதியவா வந்திருக்கீங்க?” என்றார்.

“இல்லைக் காக்கா. ரத்தம் எங்க போகுதெண்டு பாக்க வந்தனான்.”

“கீழதான் போகும். மேல போனாத்தான் அதிசயம்.”

அம்மையார் சிரித்தார். அவர் சிரித்ததை அன்றுதான் கண்டோம். பிறகு அந்த இரத்த வாய்க்காலைக் குடையோடு பின்தொடர்ந்து போய், அது மண்ணுக்குள் மறையும் இடத்திலிருந்து மூன்றாம் இலக்கக் கிணறுவரை அடியெடுத்து அளந்தார். நாற்பத்திரண்டு அடி வைத்ததும் கிணற்றுக் கட்டில் கால் முட்டியது. அந்தக் கிணற்றிலிருந்துதான் எங்கள் தாங்கிக்கு நீர் ஏறுகிறது. அன்று மாலை ஆதம்பாவா பகிடி விடவில்லை. இரண்டு மாதத்தில் கொட்டிலின் மறுபுறம் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு, மூடி செய்தவர் அவரே.

இப்படித்தான் அந்த முறைமை எங்களிடம் வந்தது. சட்டமாகவோ சுற்றறிக்கையாகவோ வரவில்லை. ஒரு குடை வெய்யிலில் நடந்து வந்ததுபோல வந்தது.

அதன் நடுநாடி குளோரின் பதிவேடு. கிணற்று நீரில் குளோரின் தூள் கலந்து தாங்கிக்கு ஏற்றுகிறோம். வீதிக் குழாய்வரை வரும்போது அதில் கொஞ்சமேனும் எஞ்சியிருந்தால்தான் நீர் நம்பத் தக்கது. ஒவ்வொரு காலையும் தவராசா சைக்கிளில் ஆறு இடங்களுக்குப் போவார்: நீரேற்று நிலையம், தாங்கி, சந்தைக் குழாய், பள்ளிவாசல் முன்றில், பாடசாலை, இறங்குதுறை. சிறு கண்ணாடிக் குழலில் நீர் பிடித்து மாத்திரை ஒன்றைப் போட்டால் நீர் இளஞ்சிவப்பாகும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, இலக்கத்தை அந்த இடத்திலேயே பதிவேட்டில் எழுத வேண்டும். நனைந்த கையோடு எழுதுவதால் பக்கங்கள் எல்லாம் துளி பட்டுக் காய்ந்து அப்பளம்போல நெளிந்திருக்கும். வியாழக்கிழமைதோறும் அம்மையார் அதைப் பார்த்துக் கையெழுத்திடுவார். படிவத்தில் ஒரு கட்டமும் வெறுமையாக இருக்கக் கூடாது என்பது முறைமையின் விதி. வெறுங்கட்டம் ஒவ்வொன்றும் ஒரு குறைபாடாக எண்ணப்படும்.

மூன்று ஆண்டுகள் குறைபாடு இல்லை. உழைத்தவர் அவர். பெருமைப்பட்டவர்கள் நாங்கள். இரண்டாயிரத்து ஆறு ஆவணியில் கொழும்பு மதிப்பீட்டாளர்கள் வருவதாகக் கடிதம் வந்தது.

அதற்குள் யுத்தம் திரும்பிவிட்டது. துறைமுகத்தின் மேலாகக் குண்டுகள் போயின. தெற்குக் கரை ஊர்களிலிருந்து ஆட்கள் படகிலும் காட்டுப் பாதையிலும் வந்து சேர்ந்தார்கள். மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களும் ஈச்சிலம்பற்றுத் தமிழ்க் குடும்பங்களும் எங்கள் பாடசாலையின் வகுப்பறைகளைப் பங்கிட்டுக்கொண்டன. முந்நூறு பிள்ளைகளுக்கென்று போட்ட குழாயில் ஆயிரத்து நானூறு பேர் தண்ணீர் பிடித்தார்கள்.

குளோரின் தூள் வரும் வழி அடைபட்டது. பீப்பாயில் வரும் வெள்ளைத் தூள் எதுவானாலும் படைமுகாமின் சிவில் அலுவலரது அனுமதி இல்லாமல் சோதனைச்சாவடி தாண்டாது. களஞ்சியத்தில் கிடந்ததைத் தவராசா பாதியாக்கினார், பாதியைக் காலாக்கினார். பதினோராம் திகதியோ அதற்கு மறுநாளோ தூள் முற்றாகத் தீர்ந்தது. அதற்கு நான்கு நாள் முன்னரே, ஏழாம் திகதியிலிருந்து, அவரால் ஆறு இடங்களுக்கும் போக ஏலவில்லை. சந்தை வீதியில் புதிய காவலரண் போட்டிருந்தார்கள். அந்த வீதியில்தான் முந்திய மாதம் அவருடைய தம்பியைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். தம்பி திரும்பவில்லை.

இங்கேதான் எங்கள் தவறு. எங்களைப் போன்றவர்கள் மட்டும் செய்யக்கூடிய தவறு அது. தவராசா சோம்பேறியல்ல, கள்ளனுமல்ல. மிஸ்ஸின் கொப்பியில் ஓட்டை விழக் கூடாது என்று நினைத்தார். அவர் தயங்கியபோது, கந்தோரில் இருந்த நாங்கள் சிலர் தைரியம் கொடுத்தோம். “மிஸ் மூண்டு வருசம் பாடுபட்டவா. வாறவங்கள் வெறுங்கட்டத்தைக் கண்டால் அவவுக்குத்தானே குறை” என்றோம். நீரேற்று நிலையத்தின் மேசையில் இருந்தபடி, முந்திய மாதத்துப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து, பதினொரு நாட்களுக்கும் ஆறு இடங்களுக்கும் அவர் இலக்கம் எழுதினார். சும்மா ஒரே இலக்கத்தை எழுதவில்லை. பள்ளிவாசலில் சற்றுக் குறைத்து, தாங்கியில் சற்றுக் கூட்டி, மெய்போலவே எழுதினார். அன்பினால் செய்த வேலையில் எப்போதும் ஒரு நேர்த்தி இருக்கும்.

முந்திய வியாழன் ஊரடங்கில் வராமற்போன பதிவேடு, அந்த வியாழக்கிழமை அம்மையாரின் மேசைக்கு வந்தது. திங்கட்கிழமை மதிப்பீட்டாளர்கள் வருகிறார்கள். அவர் பக்கத்தைத் திறந்தார். உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். பக்கம் வழுவழுப்பாக, புதுக் கொப்பிபோல இருந்தது. ஒரு துளி நீர் பட்ட அடையாளம் இல்லை. பதினொரு நாளுக்கும் ஒரே பேனை, ஒரே சாய்வு. அவர் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரவர் வேலையைப் பார்த்தோம். மின்சாரம் இல்லாததால் மின்விசிறியின் சத்தமும் இல்லை. திங்கள் போகட்டும், செவ்வாய் கேட்போம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டதாகப் பிற்பாடு சொன்னார். பேனையை எடுத்துக் கையெழுத்திட்டார்.

மறுநாள் செயலாளர் சோமசேகரம், தூள் தேவை என்று படைமுகாமுக்குக் கடிதம் எழுதினார். எங்கள் ஒழுங்கைக் காட்டினால் இரக்கம் வரும் என்றெண்ணி, கையெழுத்திட்ட அந்தப் பக்கத்தின் பிரதியையும் இணைத்தார். கடிதம் சனிக்கிழமை திரும்பி வந்தது. இணைப்பின்படி குளோரின் போதியளவு இருப்பதாகத் தெரிவதால் அவசரம் காணப்படவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் முகாமில் வயிற்றோட்டம் தொடங்கியது. திங்கட்கிழமை மதிப்பீட்டாளர்கள் வரவில்லை, பாதை மூடியிருந்தது. செவ்வாய் கேட்கலாம் என்றிருந்த கேள்விக்கு அதற்குள் வேறு பாரம் வந்துவிட்டது. அம்மையார் கேட்கவில்லை. நாற்பதுக்கு மேற்பட்டோர் படுத்தார்கள். ஒரு கிழமைக்குள் மூன்று பேர் இறந்தார்கள். ஒருவர் ஈச்சிலம்பற்றிலிருந்து நடந்து வந்த முதியவர். இன்னொன்று பெயர் வைத்து ஏழு நாளான ஆண் குழந்தை. மூன்றாவது, றுக்கியா என்ற பெண்ணின் நான்கு வயது மகள் ஸுல்பிகா.

சுகாதாரப் பகுதியினர் மாத்திரைகளோடு வந்தார்கள். மேலிடத்திலிருந்து மூவர் கொண்ட விசாரணைக் குழுவும் வந்தது. அவர்கள் முதலில் கேட்டது குளோரின் பதிவேட்டை. பார்த்தார்கள், இவ்வளவு ஒழுங்கான பதிவேட்டைக் கண்டதில்லை என்று பாராட்டினார்கள். சபையின் நீரில் குறை இல்லை, முகாமில் உள்ளோர் நீரைச் சுத்தமற்ற பாத்திரங்களில் சேமித்ததே காரணம் என்று முதலறிக்கை எழுதினார்கள். அதற்கேற்ப, பாத்திரங்களைக் கழுவி மூடி வையுங்கள் என்று அறிவித்தல் ஒன்றைத் தட்டச்சு செய்து முகாமில் ஒட்டுமாறு அம்மையாருக்கு உத்தரவு. அவரே தட்டச்சு செய்தார். பசையும் எடுத்துக்கொண்டு அவரே போனார்.

பாடசாலைக் கிணற்றடியில் றுக்கியா குந்தியிருந்து, நிவாரணமாக வந்த மஞ்சள் எண்ணெய்க் கேன் ஒன்றை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கழுவுவதும் கவிழ்ப்பதும் மறுபடி மணல் அள்ளுவதுமாக இருந்தார். விரல் நுனிகள் தோலுரிந்திருந்தன. பிள்ளை போன நாளிலிருந்து இதே வேலைதான் என்று பக்கத்தில் நின்ற பெண்கள் சொன்னார்கள். மாமியார் வகுப்பறைக்குள் சேர்ப்பதில்லை; புள்ளைக்கு அழுக்குத் தண்ணி குடுத்தவள் என்று சொல்லிவிட்டாளாம். அம்மையார் பக்கத்தில் குந்தினார்.

றுக்கியா கேனைக் காட்டினார். “கழுவித்தான் வெச்ச மிஸ். மூடி மட்டும் இருக்கல்ல. மூடி இல்லாமத்தான் தந்தாங்க. அத நான் கேட்டு வாங்கியிருக்கணும். கேக்கல்ல.”

அம்மையார் கையில் பசை இருந்தது, அறிவித்தல் இருந்தது. ஒட்டாமல் திரும்பினார். இதை நாங்கள் பார்க்கவில்லை. அன்று அவரோடு போன ஆதம்பாவா பார்த்தார்.

அங்கிருந்து நேரே நீரேற்று நிலையம். அங்கே நடந்த பேச்சைத் தவராசா எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒருமுறைகூட ஒரு சொல் மாறவில்லை.

“தவராசா, பள்ளிக்கூடக் குழாயைக் கடைசியாய் எப்ப பாத்தனீங்கள்?”

அம்மையார் காத்திருந்தார். பிறகு அவரே சொன்னார்: “நானும் பாத்தனான். ஒரு துளி தண்ணி படாத பக்கம். பாத்துப்போட்டுத்தான் கையெழுத்து வச்சனான்.”

“மிஸ், உங்கட கொப்பிக்காகத்தான்...”

“தெரியும். அதுதான் பெரிய கரைச்சல்.”

தவராசா தன் சேவை அடையாள அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். “இதைப் பறிச்சினமெண்டால் நான் பாலையூற்றில வீட்டுக்குப் போய்ச் சேரமாட்டன். மூண்டு சென்றி இருக்கு. தம்பிட்ட இது இருக்கேல்லை.”

அம்மையார் அட்டையை எடுத்துப் பார்த்தார். படத்தில் தவராசாவுக்கு மீசை அடர்த்தியாக இருந்தது. அதைத் திருப்பி அவர் பையிலேயே வைத்துவிட்டு வாசற்படியில் இருட்டும்வரை இருந்தார். ஒருபக்கம் கேனைத் தேய்க்கும் கை; மறுபக்கம் மூன்று சோதனைச்சாவடி. ஒரு சொல் சொன்னால் இவன் தொலைவான். சொல்லாவிட்டால் அவள் தன் பிள்ளையைத் தானே கொன்றவளாகச் சாகும்வரை இருப்பாள். முறைமையின் பச்சைக் கோவையில் இதற்குப் படிவம் இல்லை.

குழுவின் கடைசி அமர்வு எங்கள் கூட்ட மண்டபத்தில் நடந்தது. உத்தியோகத்தர் எல்லோரும் பின்வரிசைகளில் இருந்தோம். இறுதி அறிக்கையை வாசிக்கத் தொடங்கியபோது அம்மையார் எழும்பினார்.

“அந்தப் பதிவேடு பொய். பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டு கையெழுத்து வச்சது நான். அந்தக் கிழமை தண்ணியில குளோரின் இல்லை” என்றார்.

இலக்கங்களை எழுதியவர் யார் என்று தலைவர் கேட்டார்.

“எழுதினவர் அந்தப் பாதையில போகேலாத ஆள். போகேலாத பாதையில போ எண்டு சொல்லுற படிவத்தைக் கொண்டுவந்தது நான்.”

பெயரைச் சொல்லச் சொன்னார்கள். அவர் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அதுவும் ஒரு குற்றமாகும் என்றார்கள். தலையை அசைத்தார். எழுதியவர் யாரென்று தெரிந்தவர்கள் முன்வரலாம் என்று தலைவர் மண்டபத்தைப் பார்த்துக் கூறினார். தவராசா மூன்றாவது வரிசையில் இருந்தார். அவருக்குத் தைரியம் கொடுத்த நாங்கள் அவருக்கு இருபக்கமும் இருந்தோம். பதினொரு நாட்களில் எங்கள் பங்கு என்ன என்று எங்களுக்குத் தெரியும். அம்மையார் நின்றுகொண்டே இருந்தார். ஒருவர் இருமினார். வெளியே யாரோ சைக்கிளை மதிலில் சாத்தும் சத்தம் கேட்டது. ஒருவரும் எழும்பவில்லை.

சபையோரே, பாராட்டு மடலில் இதை எழுதலாமா என்று எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. எழுதாவிட்டால் இதுவும் இன்னொரு தண்ணீர் படாத பக்கமாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

அன்று பின்னேரமே, இடைநிறுத்தக் கடிதம் கைக்கு வருமுன், அம்மையார் மீண்டும் முகாமுக்குப் போனார். கேனில் பிழையில்லை, தண்ணீரில்தான் பிழை, அதை நாங்கள் மறைத்தோம் என்று றுக்கியாவிடம் சொன்னார். றுக்கியா அழவில்லை, ஏசவுமில்லை. அவர் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டார்.

“இத எழுதித் தருவீங்களா மிஸ்? நான் சொன்னா அவங்க நம்பமாட்டாங்க.”

அம்மையார் கந்தோருக்குத் திரும்பி வந்து, சபையின் கடிதத்தாளை எடுத்துத் தட்டச்சு செய்தார். அதன் பிரதி இன்னும் கோவையில் இருக்கிறது: “ஸுல்பிகா என்னும் பிள்ளையின் மரணத்துக்கு அப்பிள்ளையின் தாய் நீர் வைத்திருந்த பாத்திரம் காரணம் எனக் கூறுவதற்கு இச்சபையிடம் எவ்வித ஆதாரமும் இல்லை. அவ்வாரத்தில் இச்சபை வழங்கிய நீரில் குளோரின் இருக்கவில்லை. இருந்ததாக நாம் எழுதியது பொய்.” கீழே கையெழுத்து, அதன்மேல் சபையின் முத்திரை. மூன்றாந்தடவையாக முகாமுக்குப் போய் அதைக் கொடுத்தார். றுக்கியாவுக்கு வாசிக்கத் தெரியும். நின்றபடியே வாசித்து, நாலாக மடித்து, முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, மாமியார் இருந்த வகுப்பறைக்குள் போனார். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று தெரியாது.

மறுநாள் காலையும் அம்மையார் வந்தார். கடிதம் வர மதியமாகும் என்று தெரியும். குளோரின் பதிவேட்டில் மிச்சமிருந்த எல்லாப் பக்கங்களிலும் அடிமட்டம் வைத்து நெடுங்கோடு போட்டு, கடைசியில் ஒரு பத்தியை ஒதுக்கினார். தலைப்பில் ‘போக ஏலாமற்போன காரணம்’ என்று எழுதினார். அதற்குப் பிறகு அந்தப் பத்தியில் எங்கள் கையெழுத்துகளில் ‘ஊரடங்கு’ என்று இருக்கிறது. ‘வெடிச்சத்தம்’ என்று இருக்கிறது. ஒருநாள் தவராசா ‘பயம்’ என்று மட்டும் எழுதினார். பார்த்தவர் கையெழுத்திட்டார், விளக்கம் கேட்கவில்லை.

குழு தன் அறிக்கையைத் திருத்தியது. திருத்திய அறிக்கையைப் படைமுகாமில் கொண்டுபோய்க் காட்டியபோது நான்கு நாளில் இரண்டு பீப்பாய் குளோரின் வந்தது. அம்மையார் ஒன்றரை ஆண்டு இடைநிறுத்தப்பட்டார். பொய்ப் பதிவேட்டில் கையெழுத்திட்டதற்கு எச்சரிக்கை மட்டும் செய்து விட்டார்கள். சாட்சி வேறு எவரும் இல்லாததால் அக்குற்றம் முழுமையாக நிறுவப்படவில்லையாம். தரம் இறக்கப்பட்டதும் உப அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டதும் அதிகாரமின்றிச் சபையின் முத்திரையை ஒரு கடிதத்தில் குத்தியதற்காக. அந்தக் குற்றத்தை அவர் முதல்நாளே ஒப்புக்கொண்டிருந்தார்.

அம்மையாரே! இனி உங்களைப் பார்த்தே பேசுகிறோம்; ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். நீங்கள் பிழைவிடாதவர் என்று இந்த மடல் சொல்லவில்லை. பிழையைக் கையால் தடவி உணர்ந்தும் கையெழுத்திட்டவர் நீங்கள். நாங்களும் பிழைவிட்டோம். நீங்கள் எழும்பினீர்கள், நாங்கள் இருந்தோம். உங்களுக்கும் எங்களுக்கும் இடையிலுள்ள தூரம் அவ்வளவுதான். அது ஒரு கதிரையின் உயரம். முப்பத்தொரு ஆண்டுகள் பக்கத்து மேசையில் இருந்தும் நாங்கள் அந்த உயரத்துக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்கத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை, கேட்கிறோம். உங்கள் உடல் நலமாக இருக்கட்டும். உறக்கம் குறைவு என்று ஒருமுறை சொன்னீர்கள்; அது உங்களுக்குத் திரும்பி வரட்டும். நீங்கள் போகும் வீதிகள் திறந்திருக்கட்டும். நீடூழி வாழ்க.

இதில் வந்தவர்கள் இன்று இருக்கும் நிலையையும் சொல்லி முடிக்கிறோம். உதவித் திட்டம் இரண்டாயிரத்து ஏழில் நாட்டைவிட்டுப் போய்விட்டது, சான்றிதழ் வரவில்லை. விசாரணைக் குழுவின் தலைவர் பதவி உயர்ந்து கொழும்புக்குப் போனார். செயலாளர் சோமசேகரம் கனடாவில் இருக்கிறார்; இரண்டு கடிதம் போட்டோம், பதில் இல்லை. ஆதம்பாவா போன ஆண்டு நோன்பு மாதத்தில் காலமானார். தவராசா நீரேற்று நிலையத்தில்தான் இருக்கிறார். அவருடைய தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. இறந்த முதியவரின் குடும்பமும் அந்த ஆண் குழந்தையின் குடும்பமும் எங்கே போயின என்று எங்களிடம் பதிவு இல்லை. கமலாதேவி அம்மையார், வேலைக்கு வந்த நாளில் இருந்த அதே தரத்தில் இன்று ஓய்வுபெறுகிறார். றுக்கியா, முகாம் கலைந்தபோது கணவனோடும் மாமியாரோடும் ஒரே பேருந்தில் மூதூர்ப் பக்கம் திரும்பினார். இந்த விழாவுக்கு அவருக்கும் அழைப்பு அனுப்பினோம். அவர் வரவில்லை.

இங்ஙனம்,
பதிவேட்டில் கைபட்டவர்களும், மண்டபத்தில் இருந்தவர்களுமாகிய
புன்னையடித்துறைப் பிரதேச சபை உத்தியோகத்தர்களும் ஊழியர்களும்
முதற் கையெழுத்து: க. தவராசா, நீரேற்று நிலைய இயக்குநர்
2008 மார்கழி